மேகமலை விடுதி உரிமையாளர்களுக்கு, மதுரையிலிருந்து ஒரு திறந்த மடல்

தேனி மாவட்டத்து மேகமலையிலும் அதைச் சுற்றியுள்ள ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு பகுதிகளிலும் தங்கும் விடுதிகள் நடத்திவரும் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் என் வணக்கம்.

நான் மதுரை திருநகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை. முப்பத்தொரு ஆண்டுகள் இந்த நகரத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். எங்கள் வீட்டுக் குழாயில் வருவது வைகைத் தண்ணீர். அந்த வைகை பிறப்பது உங்கள் விடுதிகளுக்கு அண்டையில் நிற்கும் வருசநாட்டு மலைகளில். 2021 பிப்ரவரியில் மேகமலை சரணாலயத்தையும் திருவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயத்தையும் சேர்த்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் சற்று மிகுதியான பரப்பைப் புலிகள் காப்பகமாக அறிவித்தபோது, எங்கள் ஆற்றின் தலைமாட்டுக்கு ஒரு காவல் கிடைத்தது என்று மனம் நிறைந்தவர்களில் நானும் ஒருத்தி. எனவே அந்தக் காட்டைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நம்பி இதை எழுதுகிறேன். ஆனால் இந்த மடல் தண்ணீரைப் பற்றியதன்று. அந்தக் காட்டைப் பார்ப்பதற்காகவே பணம் கொடுத்து உங்களிடம் வந்து தங்குகிறவர்களுக்கு நீங்கள் எதைக் காட்டி அனுப்புகிறீர்கள் என்பதைப் பற்றியது.

சென்ற மே மாதம், கோலாலம்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் குடும்பத்துடன் மேகமலைக்கு வந்தேன். மதுரையிலிருந்து சின்னமனூர் வரை சுமார் 100 கிலோமீட்டர். அங்கிருந்து தென்பழனி சோதனைச் சாவடியைக் கடந்து பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினோம். வளைவுக்கு வளைவு வெக்கை குறைந்து, சன்னல் வழியே ஈர மண்ணின் வாசம் வந்தபோது பத்து வயதுப் பேத்தி கைபேசியைக் கீழே வைத்துவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினாள். நாங்கள் தங்கிய விடுதியின் விளம்பரத்தில் ‘மழைக்காட்டில் வனவிலங்குகளோடு ஓர் இரவு’ என்று எழுதியிருந்தது. அந்த விடுதியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஒருவரைச் சுட்டிக் குற்றம் சொல்வது என் நோக்கமில்லை. அங்கே நான் கண்டவை அந்த ஒரு விடுதிக்கு மட்டும் உரியவையாக எனக்குத் தோன்றவுமில்லை.

மாலை ஆறரைக்கெல்லாம் தேயிலைச் சரிவை நோக்கி மூன்று பெரிய விளக்குகள் எரியத் தொடங்கின; அதற்கு அப்பால் இருந்த காட்டின் விளிம்பு வரைக்கும் வெளிச்சம் போனது. எட்டு மணிக்கு முற்றத்தில் தீ மூட்டினார்கள். அதைச் சுற்றி நாற்காலிகள், ஒலிபெருக்கி, பாட்டு, ஆட்டம். இரவு பதினொன்றரை வரை அது ஓயவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் சமையலறைக்குப் பின்னால் மிச்சச் சோறும் பூரித் துண்டுகளும் கொட்டிக் கிடக்க, நாட்டுக் குரங்குகள் கூட்டமாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தன. நாலைந்து பேர் அவற்றுக்கு பிஸ்கட் நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேத்தி என் புடவையைப் பிடித்துக்கொண்டு, “அம்மாச்சி, மிருகமெல்லாம் எங்க?” என்று கேட்டாள். நான் மேலாளரிடம் போய் இதைப் பற்றிப் பேசினேன். மரியாதையான இளைஞர், முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு, “கெஸ்ட் கேக்குறாங்க மேடம், நாங்க என்ன செய்யுறது?” என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. அவர் பொய் சொல்லவில்லை. கேட்கிறார்கள்தான். ஆனால் வந்தவர்கள் ஏன் அதைக் கேட்கிறார்கள், வேறொன்று இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்பதை அவர் யோசித்திருக்கவில்லை. நானே முந்தைய ஆண்டில் நேரில் கண்டிராவிட்டால் ஒருவேளை யோசித்திருக்க மாட்டேன்.

அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் மகள் என்னை மலேசியாவின் தாமான் நெகாராவுக்கு அழைத்துச் சென்றிருந்தாள். 4,343 சதுர கிலோமீட்டர் பரந்த மழைக்காடு அது. கோலா தெம்பெலிங் என்ற படகுத்துறையிலிருந்து ஆற்றின் வழியே எதிர்நீரோட்டத்தில் சுமார் 60 கிலோமீட்டர், ஏறத்தாழ மூன்று மணி நேரம், நீளமான மரப்படகில் போனோம். அங்கே காட்டுக்குள் ‘பும்புன்’ என்று அழைக்கப்படும் மறைவிடக் குடில்கள் இருக்கின்றன. மரக்கால்கள் மீது உயர்த்திக் கட்டிய ஒரே அறை, படுக்கப் பலகைகள், ஒரு பக்கம் முழுவதும் நீளமான திறப்பு. அந்தத் திறப்புக்கு எதிரே, விலங்குகள் உப்புச் சத்துக்காக வந்து மண்ணை நக்கும் ஒரு வெட்டவெளி. மின்சாரம் கிடையாது. குடிநீரையும் உணவையும் போர்வையையும் நாமே சுமந்து செல்ல வேண்டும். பூங்கா அலுவலகத்தில் அனுமதி பெற்றுக்கொண்டு அப்படிப்பட்ட ஒரு குடிலில் நாங்கள் ஓர் இரவு தங்கினோம்.

ஒரு மணி நேரம் நடந்து குடிலை அடைந்ததும், வழிகாட்டி எங்களை உட்காரவைத்துச் சில விஷயங்களைச் சொன்னார். இருட்டிய பிறகு பேச்சு இல்லை. பேசியே ஆகவேண்டுமானால் காதருகே. வாசனைத் தைலம் வேண்டாம். தின்பண்டத்தின் உறையைக்கூட இப்போதே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், இரவில் அந்தச் சரசரப்பு வெகுதூரம் கேட்கும். முக்கியமாக, ஒன்றுமே வராமல் போகலாம். அப்படிப் போனால் அதற்காக யாரிடமும் கோபப்பட வேண்டாம். அப்போது ஒன்பது வயதான என் பேத்தி அவர் சொன்னதையெல்லாம் பள்ளித் தேர்வுக்குப் படிப்பவளைப் போலக் கேட்டுக்கொண்டாள்.

அந்த இரவை நான் எப்படி விவரிப்பேன்! முதல் ஒரு மணி நேரம் சலிப்பாக இருந்தது. பிறகு காது பழகியது. சில்வண்டுகளின் இரைச்சல் ஒரே இரைச்சலாக இல்லாமல் அடுக்கடுக்காகப் பிரிந்தது. ஒன்று நிற்கும்போது இன்னொன்று தொடங்கியது. தவளைகள் பள்ளத்தில் ஒருவிதமாகவும் மரத்தின் மேல் வேறுவிதமாகவும் கத்தின. எங்கோ ஒரு பெரிய பழம் கிளை கிளையாக முட்டிக்கொண்டு விழுந்தது. நள்ளிரவு கடந்து இரண்டே முக்கால் மணிக்கு வழிகாட்டி எங்கள் தோளை மெல்லத் தொட்டார். வெட்டவெளியில் ஒரு தபீர் நின்றிருந்தது; பன்றி போன்ற உடலும் குட்டைத் தும்பிக்கையும் கொண்ட விலங்கு அது. முன்பாதி கறுப்பு, நடுவுடல் வெள்ளை, மீண்டும் கால்கள் கறுப்பு. பகலில் படத்தில் பார்த்தபோது ‘இப்படிப் பளிச்சென்று நிறம் கொண்ட விலங்கு எப்படி ஒளிந்து வாழும்’ என்று நினைத்திருந்தேன். நிலவொளியில் அந்த வெள்ளை நிறம் உடலின் வடிவத்தையே உடைத்து, அதை ஒரு பாறை போலவும் ஒரு வெளிச்சத் திட்டு போலவும் ஆக்கிவிட்டதைக் கண்ணால் கண்டபோதுதான், வகுப்பில் எத்தனையோ முறை நான் சொன்ன ‘உருமறைப்பு’ என்ற சொல்லின் பொருள் எனக்கே விளங்கியது. நான்கு நிமிடம் நின்றிருக்கும். பிறகு காட்டுக்குள் போய்விட்டது. பேத்தி மூச்சுக்கூட விடவில்லை. காலையில் திரும்பி நடக்கும்போதுதான் வாயைத் திறந்தாள். பிறகு அந்த நான்கு நிமிடத்தைப் பற்றி நாள் முழுவதும் ஓயாமல் பேசினாள்.

ஒன்பது வயதுக் குழந்தையால் ஆறு மணி நேரம் வாய்மூடி இருக்க முடிந்தது, ஏனென்றால் எதற்காக இருக்கவேண்டும் என்று ஒருவர் அவளுக்கு முன்கூட்டியே சொன்னார். அதே குழந்தை பதினொரு மாதம் கழித்து நம் மேகமலையில், “மிருகமெல்லாம் எங்க” என்று கேட்டாள். குழந்தை மாறிவிடவில்லை. இரண்டு இடங்களிலும் அவளை வரவேற்றவர்கள் அவளிடம் எதிர்பார்த்தது வேறாக இருந்தது. உங்களிடம் நான் சொல்ல வந்தது இதுதான்: எப்படிப்பட்ட விருந்தினர் வருகிறார் என்பதைப் பெரும்பாலும் விடுதியே முடிவு செய்கிறது. முற்றத்தில் ஒலிபெருக்கியை வைத்தால் ஆடுகிறவர் வருவார். கண்ணாடிச் சன்னலருகே ஒரு நாற்காலியும் பைனாகுலரும் வைத்தால் உட்கார்ந்து பார்க்கிறவர் வருவார். இன்னும் சொல்லப்போனால், ஆட வந்தவரே அந்த நாற்காலியில் உட்காரவும் கூடும்.

மழைக்காடு முதுமலையைப் போன்றதன்று என்பதை விருந்தினருக்கு யாராவது சொல்லவேண்டும். இலையுதிர் காட்டில் வண்டியில் போனால் சாலையோரத்தில் மான் கூட்டமும் யானையும் தென்படும். பசுமைமாறாக் காட்டில் உயிர் பெரும்பாலும் தலைக்கு மேலே, முப்பது நாற்பது மீட்டர் உயரத்தில் இலைக்கூரைக்குள் வாழ்கிறது. தரையில் நிற்கும் மனிதனுக்கு முதலில் அது ஒலியாகவே அறிமுகமாகிறது. இதை அறியாமல் வருகிறவர் அரை மணி நேரத்தில் ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று முடிவு செய்து, பாட்டுப் போடச் சொல்வது இயல்புதான். உங்கள் மேலாளர் அந்த அரை மணி நேரத்தில் அவர் பக்கத்தில் நின்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

சொல்வதற்கு உங்களிடம் என்ன குறைவு? உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்கு உங்கள் காட்டில் இருக்கிறது. அதன் உணவில் பெரும்பங்கு வெடிப்பலா மரத்தின் பூக்களும் விதைகளும். அந்த மரம் மலேசியர் விரும்பும் டுரியான் பழ மரத்துக்கு நெருங்கிய உறவு என்று சொன்னால் மலேசியாவிலிருந்து வந்த என் மருமகனே எழுந்து வந்து பார்ப்பார். கருமந்தி இருக்கிறது, லேகியத்துக்கென்று நம்மவர்களே வேட்டையாடித் தீர்க்கப் பார்த்த விலங்கு அது. மலையணில் இருக்கிறது. பெரிய இருவாட்சி இருக்கிறது. அது பறக்கும்போது சிறகிலிருந்து எழும் ஓசை, ரயில் புறப்படும் ஓசையைப் போல் பள்ளத்தாக்கெங்கும் கேட்கும். ஆண்டின் முதல் சில மாதங்களில் பெண் இருவாட்சி ஒரு பெருமரத்தின் பொந்துக்குள் புகுந்து, வாயிலை அடைத்துக்கொண்டு, ஒரு கீற்று இடைவெளியை மட்டும் விட்டு முட்டையிட்டு அடைகாக்கிறது. ஆண் பறவை பழங்களைக் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியே ஊட்டுகிறது. அந்த ஆண் பறவை அச்சத்தால் ஒதுங்கினால் உள்ளே இருக்கும் உயிர்கள் பட்டினி. நம்முடைய கோடை விடுமுறைக் கூட்டமும் ஆட்டபாட்டமும் அந்த இனப்பெருக்கக் காலத்தின் கடைசி மாதங்களோடு மோதுகின்றன என்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு கதையும் உங்களுக்குச் சொந்தமானது. அதை எந்த விடுதியின் சுவரிலும் நான் காணாதது எனக்கு வருத்தம். 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்ட அலுவலர், ஹைவேவிஸ் மலையின் கர்டானா காப்பித் தோட்டத்தில் ஒரு பழந்தின்னி வௌவாலைச் சேகரித்தார். அது ஏற்கெனவே அறியப்பட்ட வேறொரு வகை என்று தவறாகக் கருதப்பட்டு, பம்பாயில் ஒரு பாடம் செய்த மாதிரியாக இருபத்து நான்கு ஆண்டுகள் கிடந்தது. 1972இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதை மறுபடி ஆராய்ந்து, அது புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினமே, அதாவது இனத்துக்கும் மேற்பட்ட பிரிவே, என்று கண்டு, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். உலகம் அறியாதிருந்த ஓர் உயிர் உங்கள் மலையிலிருந்து வெளிப்பட்டிருக்கிறது. இரவில் பறந்து பழம் தேடும் விலங்கு அது. காட்டின் விளிம்பு நோக்கி நீங்கள் ஏற்றும் அந்தப் பெரிய விளக்குகள் யார் வீட்டு வாசலில் எரிகின்றன என்பதை இதைப் படித்த பிறகாவது யோசிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஆகவே நான் முதலாவதாகக் கேட்பது இருட்டை. நடைபாதைக்குக் காலடியில் விழும் மஞ்சள் விளக்கு போதும். காட்டை நோக்கிய விளக்கு ஒன்றுகூட வேண்டாம். அடுத்தது ஒலிபெருக்கி. அதற்கு நேரக் கட்டுப்பாடு வைப்பதைவிட, முன்பதிவின்போதே ‘இங்கே ஒலிபெருக்கி இல்லை’ என்று தெரிவித்துவிடுவது நேர்மை. சமையலறைக் கழிவு இறுக மூடிய தொட்டியில் போய், மலையிலிருந்து கீழே இறங்கவேண்டும். மனிதச் சோறு தின்று பழகிய குரங்கு பிறகு கூரையைப் பிரிக்கும், குழந்தையின் கையிலிருந்து பிடுங்கும், சாலையோரத்தில் காத்திருந்து வண்டியில் அடிபடும். அதற்குப் பிறகு ‘குரங்குத் தொல்லை’ என்று மனு எழுதுவதும் நாமாகவே இருப்போம்.

முற்றத்துத் தீயைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 2018 மார்ச் 11 அன்று இதே தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்ததை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. காயமடைந்தவர்களை மதுரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்த அந்த நாட்கள் எங்கள் ஊருக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேகமலை குரங்கணியைவிட ஈரமானது என்று நீங்கள் சொல்லலாம். தேயிலைக்குக் கீழே உள்ள சரிவுகளில் கோடையில் புல் காய்ந்துதான் கிடக்கிறது, காற்றும் இருக்கிறது. குளிருக்கு ஒரு சால்வையும் சுக்குக் காப்பியும் கொடுங்கள்.

வழிகாட்டிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் விட இதுவே விருந்தினரை மாற்றும் என்று நினைக்கிறேன். நாங்கள் தங்கிய விடுதியில் வழிகாட்டி என்று ஒருவர் இருந்தார். வண்டி ஓட்டும் நல்ல மனிதர், ‘வியூ பாயின்ட்’ ஒவ்வொன்றையும் அறிந்தவர். ஆனால் மரத்தின் மேல் கத்திய பறவை எது என்று கேட்டதற்கு, ‘ஏதோ குருவிங்க’ என்றார். இந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாகத் தேன் எடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்துவரும் பளியர் மக்கள் இருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள், படித்துவிட்டு வேலை தேடித் திருப்பூருக்குப் போகிறவர்கள், இருக்கிறார்கள். இவர்களில் ஒருவர்கூடச் சம்பளம் வாங்கும் வழிகாட்டியாக நாங்கள் தங்கிய விடுதியில் இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பாருங்கள். கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தில், காட்டு இலவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுவந்தவர்களைக்கொண்டே 1990களின் பிற்பகுதியில் ஒரு சூழல் மேம்பாட்டுக் குழு அமைத்தார்கள். வழக்குகளுக்கு அஞ்சி ஒளிந்து திரிந்தவர்கள் பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளாகவும், காட்டைக் காக்கும் ரோந்துக்காரர்களாகவும் ஆனார்கள். குமுளியில் மன்னான், பளியர் பழங்குடிக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்களும் தேக்கடியில் பயணிகளோடு நடக்கிறார்கள். நம் மலையின் பளியருக்கு உறவுக்காரர்களே அவர்கள். பெரு நாட்டில் தம்போபாத்தா ஆற்றங்கரையில் எசெ எஹா பழங்குடி மக்களின் இன்ஃபியர்னோ என்ற ஊர், 1996இல் ஒரு தனியார் நிறுவனத்தோடு இருபதாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு மழைக்காட்டு விடுதி ஒன்றைக் கட்டியது. லாபத்தில் 60 விழுக்காடு ஊருக்கு, 40 விழுக்காடு நிறுவனத்துக்கு. படகோட்டி, சமையல்காரர், வழிகாட்டி என்று ஊர்க்காரர்களே வேலை பழகினார்கள். நீங்கள் உடனே அறுபது விழுக்காடு கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு இளைஞர்களை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தி, ஒரு பருவம் முழுவதும் பறவைகளையும் மரங்களையும் பயில விடுங்கள் என்று கேட்கிறேன்.

வணிகம் நடக்கவேண்டும், வட்டி கட்டவேண்டும், ஊழியருக்குச் சம்பளம் தரவேண்டும் என்பதெல்லாம் எனக்குப் புரிகிறது. என் தகப்பனார் கீழமாசி வீதியில் கடை வைத்திருந்தவர். ஆனால் ஆட்டபாட்டத்துக்கென்று வருகிறவருக்கு மேகமலையும் கொடைக்கானலும் ஒன்றுதான். எங்கே அறை மலிவோ அங்கே போவார். இருவாட்சியைப் பார்க்க வருகிறவர் மறு ஆண்டும் வருவார், தங்கும் நாட்களைக் கூட்டுவார், நண்பரையும் அழைத்து வருவார். மேலும், 2012இல் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப்பகுதிகளில் சுற்றுலாவையே ஏறத்தாழ மூன்று மாதம் நிறுத்திவைத்ததும், 2020 அக்டோபரில் நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளுக்கு எதிரான தீர்ப்பை அது உறுதிசெய்ததும் நீங்கள் அறிந்தவையே. காட்டுக்கு விடுதியால் கேடு என்று ஆகிவிட்டால் முதலில் பூட்டப்படுவது விடுதியின் கதவுதான்.

நான் கேட்பதோடு நிற்க விரும்பவில்லை. என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மூவரும் நானும் சேர்ந்து, மேகமலையில் காணக்கூடிய பறவைகள், குரங்குகள், மரங்கள் ஆகியவற்றின் தமிழ்ப் பெயர்களோடு, எந்த மாதத்தில் எங்கே எதைக் கவனிக்கலாம் என்பதையும் சேர்த்து, அறைக்கு ஒன்றாக வைக்கத்தக்க ஒரு சிறு கையேட்டைத் தயாரித்து வருகிறோம். அச்சுச் செலவும் எங்களுடையது. உங்கள் இளைஞர்களுக்குப் பாடம் சொல்ல ஆள் வேண்டுமென்றால் நாங்கள் வருகிறோம். தங்க ஒரு அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் போதும். உங்கள் வரவேற்பறையில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை வையுங்கள். யார் எதை எந்த நாளில், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று விருந்தினரே எழுதட்டும். ஐந்தாண்டு கழித்து அந்த நோட்டு ஆராய்ச்சியாளர்களுக்குக்கூடப் பயன்படும்.

வரும் அரையாண்டு விடுமுறையில் பேத்தி மறுபடி ஊருக்கு வருகிறாள். மேகமலைக்குப் போகலாமா என்று தொலைபேசியில் கேட்டேன். “அங்க லைட்ட அணைப்பாங்களா, அம்மாச்சி?” என்றாள். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உங்களில் எந்த விடுதி அணைக்கும் என்று டிசம்பர் தொடங்குவதற்குள் எனக்குத் தெரிவியுங்கள். அங்கே நான்கு நாட்களுக்கு இரண்டு அறைகளை முன்பதிவு செய்கிறேன்.

இப்படிக்கு,
திருநகரிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
மதுரை